பாயாத நாய்

1685ஆம் ஆண்டு அக்டோபரில், இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஜான் ஹாரிஸ் என்ற குடியானவர் ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார். நிலபுலம் பற்றிய பத்திரம் இல்லை, நாய் பற்றியது. ஹென்றி ஹெர்பர்ட் என்ற கனவான் தன் ஸ்பேனியல் பெட்டையை அவரிடம் ஒப்படைத்திருந்தார். அதன் பெயர் குவாண்ட். கையில் 10 ஷில்லிங், பிறகு 30 ஷில்லிங் என்று கூலி பேசியாயிற்று. அடுத்த மார்ச் முதல் தேதிக்குள், கௌதாரியோ ஃபெசன்ட் கோழியோ பதுங்கியிருக்கும் இடத்தை மோந்து கண்டதும் அங்கேயே படுத்துவிட குவாண்டைப் பழக்கித் தர வேண்டும். தேர்ந்த நாய்கள் எப்படிச் செய்யுமோ அதே சுத்தத்தோடு. பிற்பாடு பழக்கம் விட்டுப்போய் அது வித்தையை மறந்தால், ஹாரிஸ் கைக்காசு போட்டு ஒரு மாதமோ அதற்கு மேலோ தன்னிடம் வைத்திருந்து திரும்பப் பழக்க வேண்டும். மிக்ஸி வாங்கும்போது தரும் உத்தரவாத அட்டையில்கூட இவ்வளவு தெளிவு இருப்பதில்லை.

துப்பாக்கி என்ற பேச்சே இதில் வரவில்லை. செட்டர் என்றதும் இன்றைக்கு மனதில் எழும் படம், பட்டுப்போல் நீண்ட முடியும் குஞ்சம் வைத்த வாலுமாக ஒரு நாய் நிமிர்ந்து நிற்க, பின்னால் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஒருவர் வருவது. படத்தின் முன்பாதி பழையது. துப்பாக்கி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. செட்டரை உண்டாக்கியது வலை.

வேட்டை நாய் என்றால் துரத்த வேண்டும், பிடிக்க வேண்டும், கவ்வ வேண்டும். நம் ஊர்க் கன்னியையும் சிப்பிப்பாறையையும் முயலின் பின்னால் ஓடவிட்டுப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செட்டரிடம் எதிர்பார்ப்பது இதற்கு நேர்மாறு. மோப்பம் கிடைக்கும்வரை காற்றுக்கு எதிர்முகமாக வலமும் இடமும் வீசி வீசி ஓட வேண்டும். கிடைத்த நொடியில் ஓட்டமெல்லாம் அடங்க வேண்டும். குரைக்கக் கூடாது, வேட்டைக்காரர் வந்து சேரும்வரை ஓர் அடி முன்னே வைக்கவும் கூடாது. பறவையின் குணமும் இதற்குத் தோதானது. இங்கிலாந்தின் சாம்பல் கௌதாரி ஆபத்து என்று கண்டால் உடனே பறப்பதில்லை. புல்லோடு புல்லாகப் பதுங்கி, தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் கிடக்கும். அசையாத பறவைக்கு எதிரே அசையாத நாய். இந்த இடைவெளியில்தான் மனிதனுக்கு வேலை.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதை எழுதிவைத்தவர் ஒரு டாக்டர். ஆங்கில அரச குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்த ஜான் கெயஸ், சுவிட்சர்லாந்தின் இயற்கையியலாளர் கான்ராட் கெஸ்னர் கேட்டுக்கொண்டதற்காக பிரிட்டிஷ் நாய்களைப் பற்றி லத்தீனில் ஒரு சிறு நூல் எழுதினார். 1570இல் அது அச்சாயிற்று, 1576இல் ஆங்கிலத்துக்கும் வந்தது. பறவையை மோந்ததும் சத்தமில்லாமல் நின்று, வயிற்றைத் தரையில் பதித்துப் புழுவைப்போல் ஊர்ந்து, கடைசியில் படுத்தபடி இடத்தைக் காட்டும் நாயை அதில் அவர் வர்ணிக்கிறார். பிறகு வலை விரிகிறது. நீள வலையின் முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்து, நாயின் முதுகுக்கு மேலாகவே இழுத்துப்போய்ப் பறவைக் கூட்டத்தின் மீது போடுகிற வழக்கமும் இருந்தது. நாய் எழுந்து நின்றால் வலை தூக்கிக்கொள்ளும், பறவைகள் அடியில் நழுவிவிடும். படுக்க வேண்டியதன் காரணம் அவ்வளவுதான். நாயின் பெயரும் அங்கிருந்தே வந்தது. ‘செட்’ என்ற சொல்லுக்கு அந்தக் கால வழக்கில் பதுங்கி உட்காருவது என்று பொருள். ஹாரிஸின் பத்திரத்தில் அது ‘சிட்டிங் டாக்’ என்றே இருக்கிறது.

ஒரு கூட்டம் கௌதாரியை ஒரே வீச்சில் அள்ளித் தரும் நாய் ஏழை வீட்டில் இருந்தால் என்ன ஆகும்? பிரபுக்களுக்கு அந்தக் கவலை இருந்தது. 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுன் வருமானம் தரும் சொந்த நிலம் போன்ற பெரிய தகுதி இருந்தால்தான் வேட்டையாடலாம். மற்றவர்கள் துப்பாக்கி, வில், கிரேஹவுண்ட் நாய் இவற்றோடு செட்டிங் நாயையும் வைத்திருக்கக் கூடாது. வீடு புகுந்து தேடிப் பறிமுதல் செய்யும் அதிகாரம் பண்ணையின் வேட்டைக் காவலருக்கு உண்டு. தன் வயலில் மேயும் கௌதாரியைக் குடியானவன் தொடக் கூடாது என்ற அந்த ஏற்பாடு 1831வரை நீடித்தது. ஹாரிஸ் போன்றவர்கள் அடுத்தவர் நாயைப் பழக்கிக் கொடுத்துக் கூலி வாங்கலாம். சொந்தமாக ஒன்று வைத்துக்கொண்டால் குற்றவாளி.

பறக்கும் பறவையைச் சுடும் வழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியது 1660க்குப் பிறகு. சக்கிமுக்கிக் கல் பொருத்திய துப்பாக்கி இலேசாகவும் நம்பகமாகவும் ஆக ஆக, வலையோடு போவது கனவானுக்கு அழகல்ல, அது திருட்டு வேட்டைக்காரனின் வேலை என்று பேச்சு மாறியது. நாய் மட்டும் மாறவில்லை. துப்பாக்கி ஏந்தியவருக்கும் அதே இடைவெளிதான் தேவைப்பட்டது: நிதானமாக நடந்து வர, நிலையெடுத்து நிற்க, பறவையைக் கிளப்பிவிட்டுச் சுட. படுத்திருக்கும் நாய் உயரமான புல்லிலும் ஹீதர் புதரிலும் கண்ணுக்குத் தெரியாது என்பதால் நிற்கும் நாய்களுக்கு மவுசு கூடியது. ஸ்பெயின் பக்கமிருந்து வந்த பாயிண்டர் நாயின் இரத்தமும் அங்கங்கே கலந்தது. ஆனால் பழைய பழக்கம் முழுதாகப் போகவில்லை. முன்கால்களை மடக்கி, தோளைத் தாழ்த்தி, பாதி படுத்த நிலையில் உறைந்துபோகும் செட்டர்கள் இன்றும் ஐரோப்பாவில் பிறக்கின்றன. வலை மறைந்து எத்தனையோ தலைமுறை ஆன பிறகும் அவை இல்லாத வலைக்காகக் குனிகின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டு முடிவில் செட்டர் என்பது ஓர் இனமாக இல்லை, வீட்டுக்கு வீடு ஒரு வம்சமாக இருந்தது. ஸ்காட்லாந்தில் கார்டன் கோட்டையின் நான்காம் டியூக் வளர்த்த கறுப்பும் பழுப்பும் கலந்த கனத்த நாய்கள் ஒரு பக்கம், அயர்லாந்தின் சிவப்பும் சிவப்பு-வெள்ளையும் இன்னொரு பக்கம். இங்கிலாந்துக்குள்ளேயே ஒவ்வொரு பண்ணைக்கும் தனி நிறம், தனி நடை. பதிவேடு என்று ஒன்றும் கிடையாது. நாய்க்கு என்ன பரம்பரை என்று கேட்டால் பண்ணைக் காவலரின் வாய்ச்சொல்தான் சான்று.

அந்தக் குழப்பத்துக்குள்ளிருந்து ஒரு வம்சத்தைப் பெயரிட்டு நிறுத்தியவர் பிரபு அல்லர். எட்வர்ட் லாவராக் 1800இல் பிறந்தவர். இளமையில் செருப்புத் தைக்கும் தொழில் பழகியவர் என்று சொல்வார்கள். எதிர்பாராமல் வந்த ஒரு பரம்பரைச் சொத்து அவரை அந்தத் தொழிலிலிருந்து விடுவித்தது. மீதி வாழ்நாள் முழுக்க ஸ்காட்லாந்து மேட்டுநிலங்களில் துப்பாக்கியும் நாயுமாக அலைந்தார். 1825இல் கார்லைல் ஊருக்குப் பக்கத்தில் ஹாரிசன் என்ற பாதிரியாரிடம் இரண்டு நாய்களை வாங்கினார். ஆண் போண்டோ, பெட்டை ஓல்டு மோல். பாதிரியார் ஏற்கெனவே 35 ஆண்டுகளாக வெளி இரத்தம் கலக்காமல் காத்த வம்சம் அது என்பது லாவராக்கின் கூற்று. அடுத்த ஐம்பது ஆண்டுகள் தானும் அப்படியே காத்ததாக அவர் சாதித்தார். 1872இல் வெளிவந்த ‘தி செட்டர்’ என்ற அவருடைய நூலில் அச்சாகியிருக்கும் வம்சாவளிகளில் எந்தக் கிளையைப் பிடித்துப் பின்னோக்கிப் போனாலும் போண்டோவிலும் ஓல்டு மோலிலும்தான் முட்டி நிற்கும். மூன்றாவதாக ஒரு மூதாதை இல்லை.

தாய்மாமன் கல்யாணமும் அத்தைமகன் கல்யாணமும் பழகிப்போன நமக்கே இது கொஞ்சம் அதிகம். அண்ணனுக்கும் தங்கைக்கும், தகப்பனுக்கும் மகளுக்கும் என்று அரை நூற்றாண்டு சேர்த்துக்கொண்டே போனால் மலடும் நோயும் வந்து வம்சமே அற்றுப்போக வேண்டும். அவருடைய காலத்திலேயே பலர் முணுமுணுத்தார்கள். கறுப்பு-வெள்ளை, ஆரஞ்சு-வெள்ளை மட்டுமே பிறக்க வேண்டிய ஈத்தில் ஈரல் நிறக் குட்டி எப்படி வந்தது என்று கேட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முன் வெளியிலிருந்து ஒரு கலப்பு நடந்ததென்று அவரே கடிதத்தில் ஒப்புக்கொண்டதாகப் பேச்சு எழுந்தது. வம்சாவளித் தாளை நம்புவது கஷ்டம். நாய்களை நம்பாமல் இருப்பது அதைவிடக் கஷ்டம். நாள் முழுக்க ஓடியும் சோராத அந்த நாய்களுக்குப் பெரிய விலை சொன்னார்கள், கொடுத்தும் வாங்கினார்கள். வெள்ளை உடம்பில் கரும்புள்ளிகள் நெருங்கிக் கலந்து நீலம் பூத்ததுபோல் தெரியும் நிறத்துக்கு, நார்தம்பர்லாந்தின் பெல்டன் என்ற சிற்றூரின் பெயரைச் சூட்டி ‘புளூ பெல்டன்’ என்று எழுதினார் லாவராக். இன்றுவரை உலகெங்கும் செட்டர் வளர்ப்பவர்கள் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

லாவராக் முதுமையில் இருந்தபோது நாய் வளர்ப்பு தனி மனிதரின் பித்து என்ற நிலையிலிருந்து பொதுக் காரியமாக மாறிக்கொண்டிருந்தது. 1859 ஜூன் மாதம் நியூகாசில் நகரில் ஒரு கண்காட்சி நடந்தது. பாயிண்டர்களும் செட்டர்களும் மட்டும்தான், மொத்தம் 60 நாய்கள். பரிசு, உள்ளூர்த் துப்பாக்கி வியாபாரி பேப் செய்த துப்பாக்கிகள். நவீன நாய்க் கண்காட்சிகளுக்கெல்லாம் ஆதி என்று இதைச் சொல்கிறார்கள். செட்டர் பிரிவில் முதல் பரிசு, பாயிண்டர் பிரிவுக்கு நடுவராக இருந்தவரின் நாய்க்குப் போயிற்று. பாயிண்டர் பிரிவின் முதல் பரிசு செட்டர் நடுவர் ஒருவரின் நாய்க்கு. அவரவர் பிரிவில் அவரவர் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதால் சட்டப்படி குற்றமில்லை. நாய்க் கண்காட்சிகளைப் பற்றிய புகார்களும் அன்றைக்கே பிறந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்டிப்போட்ட நாயின் அழகை வைத்து அதன் மூக்கை எப்படி எடைபோடுவது? 1865 ஏப்ரல் 18 அன்று பெட்ஃபர்ட்ஷயரில், விட்பிரெட் குடும்பத்தின் சவுத்ஹில் பண்ணையில், நாய்களை வயலில் ஓடவிட்டே மதிப்பெண் போட்டார்கள். களப்போட்டி என்ற வழக்கத்தின் தொடக்கம் அது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் உருவாகி, அடுத்த ஆண்டே முதல் வம்சாவளிப் பதிவேடு வந்தது. கண்காட்சிக்கு ஒரு நடுவர், களத்துக்கு ஒரு நடுவர் என்று பிரிந்தபோது நாயும் இரண்டாகப் பிரியத் தொடங்கியது. ஒரு கூட்டம் முடியையும் தலையையும் பார்த்துக் குட்டி தேர்ந்தெடுத்தது, இன்னொன்று ஓட்டத்தையும் மூக்கையும். நூறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே இனம் என்று சொன்னால் தெருவில் போகிறவர் நம்பமாட்டார். ஒன்று முப்பது கிலோவில், தரையைக் கூட்டும் முடியோடு கம்பீரமாக நடக்கிறது. மற்றது அதில் பாதிக்குச் சற்று மேல், வற்றிய உடம்பும் முறுக்கிய நரம்புமாக.

களத்தின் பக்கம் நின்றவர்களில் பெரிய பெயர் ரிச்சர்ட் பர்செல் லூவெலின். வேல்ஸ் நாட்டின் பெம்புரோக்ஷயர்காரர், 1840இல் பிறந்தவர். லாவராக் தன் நூலைக் காணிக்கையாக்கியதே இவருக்குத்தான். ஆனால் சீடர் குருவின் வழியில் போகவில்லை. லாவராக்கின் நாய்கள் அழகு, வேகமும் உண்டு, ஆனால் வளைந்து கொடுக்காதவை என்று அவருக்குப் பட்டது. வடக்கு இங்கிலாந்தில் ட்யூக், ரீபி என்ற இரண்டு நாய்களிலிருந்து வந்த வேறொரு இரத்தத்தைக் கொண்டுவந்து லாவராக் பெட்டைகளோடு சேர்த்தார். அந்தக் கலப்பில் பிறந்தவை போட்டிகளைத் தூக்கிக்கொண்டு போயின. ஒருவர் இரத்தம் கலக்காததில் பெருமைப்பட்டார், மற்றவர் கலந்ததில் பேர் வாங்கினார். ‘சுத்தம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு செட்டர்காரர்கள் போடும் சண்டை அன்று தொடங்கியதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. செட்டர் மெருகேறி உச்சிக்கு வந்த அதே காலத்தில், இங்கிலாந்து வயல்களில் அதற்கு வேலை குறைந்துகொண்டிருந்தது. அரிவாளால் அறுத்தபோது கோதுமைத் தாள் முழங்கால் உயரத்துக்கு நின்றது, கௌதாரி அதில் பதுங்கியது. அறுவடை இயந்திரம் வந்து ஒட்ட அறுத்ததும் பறவைக்கு மறைவு போயிற்று. நாய் நெருங்கும் முன்பே அது எழுந்து பறந்தது. 1851 லண்டன் மகா பொருட்காட்சியில் பிரெஞ்சுக்காரர் லெஃபோஷே காட்டிய பின்புறம் திறக்கும் துப்பாக்கி, மருந்து இடித்து நிரப்பும் வேலையை ஒழித்தது. நொடிக்கு நொடி சுடலாம் என்றானபின் நாயின் பின்னால் நடப்பானேன்? ஆட்களை விட்டுத் தகரமும் கொடியும் கொண்டு பறவைகளை விரட்டிவரச் செய்து, நின்ற இடத்திலேயே சுட்டார்கள். பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடிய இளவரசர் தன் சாண்ட்ரிங்கம் பண்ணையில் கடிகாரங்களை அரைமணி முன்னால் திருப்பி வைத்தார், குளிர்கால வெளிச்சத்தில் இன்னும் கொஞ்ச நேரம் சுடலாமே என்று. அந்தக் கடிகாரங்கள் 1936வரை அப்படியே ஓடின. செட்டருக்கு மிஞ்சியது வடக்கின் ஹீதர் மேடுகள் மட்டுமே.

மிச்சக் கதை அட்லாண்டிக்குக்கு அப்பால்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பாப்வைட் என்றொரு காடை உண்டு. நம் ஊர்க் காடையைவிடக் கொஞ்சம் பெரியது. பத்துப் பதினைந்து பறவைகள் வட்டமாக, வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயுமாக நெருக்கி உட்கார்ந்து இரவைக் கழிக்கும். எந்தப் பக்கமிருந்து ஆபத்து வந்தாலும் ஒவ்வொன்றும் தன் திசையில் வெடித்துப் பறக்கும். உள்நாட்டுப் போர் முடிந்தபின் பெருந்தோட்டங்கள் சிதறி, குத்தகைக்காரர்களின் சின்னச் சின்னச் சோளக்காடுகளும் களை மண்டிய வரப்புகளுமாக நிலம் மாறியது. அந்த வறுமை காடைக்கு வாழ்வாயிற்று. 1874 அக்டோபரில் டென்னசியின் மெம்ஃபிஸ் அருகே அமெரிக்காவின் முதல் களப்போட்டி நடந்தது. வென்றது நைட் என்ற கறுப்புச் செட்டர். அமெரிக்க நாய்ப் பதிவேட்டில் முதலாவதாக ஏறிய நாயும் ஒரு செட்டர்தான், 1878இல் பதிவான அடோனிஸ்.

லூவெலின் நாய்களுக்கு அமெரிக்காவில் கிடைத்த வரவேற்பு சொந்த நாட்டில் கிடைத்ததைவிடப் பெரிது. 1880இல் மிச்சிகன்காரர் டேவிட் சான்பார்ன் இறக்குமதி செய்த கவுண்ட் நோபிள் அதற்கு அடையாளம். சான்பார்ன் இறந்தபின் அது பிட்ஸ்பர்க் நகரில் கேப்டன் வில்சனிடம் போய்ச் சேர்ந்தது. போட்டியில் வென்றதைவிட, தகப்பனாக அது கொடுத்த குட்டிகள்தான் அதன் பெருமை. அமெரிக்க நாய் வளர்ப்பவர்கள் தங்கள் பெட்டைகளை ரயிலேற்றி அனுப்பினார்கள். 1896இல் மிசிசிப்பி மாநிலத்தின் வெஸ்ட் பாயிண்டில் தேசியச் சாம்பியன் போட்டி முதன்முதலாக நடந்தபோது வென்ற நாயின் பெயர் கவுண்ட் கிளாட்ஸ்டோன் நான்காமவன். ராஜ வம்சம்போல எண் போட்டுப் பெயர் வைக்கும் அளவுக்கு அந்த இரத்தம் கொழித்திருந்தது.

1909இல் முதல் தடவையாக ஒரு பாயிண்டர் அந்தப் பட்டத்தை வாங்கியது. பிறகு செட்டர்களின் கதை இறங்குமுகம். குட்டை முடி, சீக்கிரம் பழகும் குணம், தென்னாட்டு வெயிலைத் தாங்கும் உடம்பு என்று பாயிண்டருக்குச் சாதகங்கள் பல. 1970இல் ஜானி கிராக்கெட் என்ற செட்டர் வென்றது. அடுத்த செட்டர் வெல்வதற்கு 43 ஆண்டுகள் பிடித்தன. 2013இல் ஷேடோ ஓக் போ பட்டம் வாங்கியது. அடுத்த ஆண்டும் அதுவே வாங்கி, முதல் தடவை அதிர்ஷ்டம் என்று சொன்னவர்களின் வாயை அடைத்தது.

போட்டி மைதானத்தில் செட்டர் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில், வடக்கின் மலைக்காடுகளில் அதற்கு ஓர் இடம் இருந்தது. பென்சில்வேனியாவும் மேற்கு வர்ஜீனியாவும் நியூ இங்கிலாந்தும் ரஃப்டு கிரௌஸ் என்ற காட்டுப் பறவையின் நாடு. கைவிடப்பட்ட பண்ணைகளில், ஆப்பிள் மரங்களைச் சுற்றி இளங்காடு மண்டியபோது அது பெருகியது. கூடவே வுட்காக். உள்ளான் குடும்பத்துப் பறவைதான், ஆனால் சேற்றுவயலை விட்டுவிட்டுக் காட்டுக்குள் இலைச்சருகில் ஒளிவது. அதன் ஆசிய உறவினர் குளிர்காலத்தில் நீலகிரிச் சோலைகளுக்கு வரும். வெள்ளைக்கார அதிகாரிகள் ஊட்டிக் குளிரில் அதைத் தேடி அலைந்தது ஒரு காலம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இன்று இந்தியாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இந்தக் காட்டில் பத்தடிக்கு அப்பால் நாய் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கழுத்தில் மணி கட்டினார்கள். கிடை ஆட்டின் மணி நம் காதுக்கு எப்படியோ அப்படித்தான் அந்த வேட்டைக்காரருக்கும்: சத்தத்திலிருந்தே நாய் ஓடுகிறதா, நடக்கிறதா, புதரைச் சுற்றுகிறதா என்று சொல்லிவிடுவார். அவர் காத்திருப்பது மணிச் சத்தத்துக்காக அல்ல. சட்டென்று அது நின்றுபோகிற கணத்துக்காக. மணி ஓய்ந்தால் எங்கோ உள்ளே நாய் உறைந்து நிற்கிறது என்று அர்த்தம். கடைசியாகக் கேட்ட திசையை மனதில் வைத்துக்கொண்டு முள்ளையும் கிளையையும் விலக்கிப் போக வேண்டும். இப்போது ‘பீப்’ அடிக்கும் கருவியும் ஜிபிஎஸ் பட்டையும் வந்துவிட்டன. நாய் நிற்கும் இடத்தை அடிக்கணக்கில் கையிலிருக்கும் திரை காட்டிவிடும். ஆனாலும் மணியை விடாதவர்கள் இருக்கிறார்கள். திரையைப் பார்த்துக்கொண்டு நடப்பவருக்குக் காடு எதற்கு என்பது அவர்கள் வாதம்.

இங்கே உருவான செட்டர் வம்சங்களில் இரண்டு, தனி மனிதர்களின் பிடிவாதத்தில் பிறந்தவை. பென்சில்வேனியாவின் ஷோஹோலா ஃபால்ஸ் ஊரில் ஜார்ஜ் ரைமன், போட்டி நாயின் பரபரப்பு இல்லாத, காலோடு ஒட்டி நிதானமாக வேட்டையாடும் பெரிய உடம்பு நாய்களை வளர்த்தார். மேற்கு வர்ஜீனியாவின் ஜார்ஜ் பேர்ட் எவன்ஸ் பத்திரிகைக்குப் படம் வரைந்தவர். மனைவி கேயோடு சேர்ந்து, பிராண்டன் பேர்ட் என்ற புனைபெயரில் துப்பறியும் நாவல்களும் எழுதினார். ஓல்டு ஹெம்லாக் என்ற பழைய மரவீட்டில் குடியிருந்து, வீட்டின் பெயரிலேயே ஒரு செட்டர் வம்சத்தை உண்டாக்கினார். போன ஒவ்வொரு வேட்டையையும் நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு. 1971இல் வந்த ‘தி அப்லேண்ட் ஷூட்டிங் லைஃப்’ அவருடைய பெரிய புத்தகம். கிரௌஸ் எண்ணிக்கை இறங்கும் காலத்தில் வேட்டைப் பருவத்தை நீட்டக் கூடாது என்று அதிகாரிகளோடு வாதாடினார். 1998இல் அவர் மறைந்த பிறகும் அந்த வம்சம் நிற்கிறதென்றால், குட்டி வாங்கியவர்கள் ஒருவருக்கொருவர் தொடர்பு விடாமல் பெட்டையையும் ஆணையும் பரிமாறிக்கொள்வதால்தான்.

அப்படிப்பட்டவர்கள் சேர்ந்து வேட்டைக்குப் போகும் நாளில் பறவை இரண்டாம்பட்சம். அவன் வீட்டு ஈத்தில் பிறந்த பெட்டை என்ன செய்கிறது, இவனுடைய கிழட்டு ஆணின் மூக்கு இன்னும் தங்குகிறதா, அடுத்த கார்த்திகைக்கு யாரை யாரோடு சேர்ப்பது என்பதே பேச்சு. அதற்கென்று ஒரு பரீட்சையும் இருக்கிறது. ஒரு நாய் பறவையைக் கண்டு நிற்கும்போது பின்னால் வரும் இன்னொரு நாய், தன் மூக்குக்கு எதுவும் எட்டாவிட்டாலும், முதல் நாயைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் தானும் நின்றுவிட வேண்டும். அதை ‘மரியாதை செய்வது’ என்கிறார்கள். சில குட்டிகள் ஆறே மாதத்தில், யாரும் சொல்லித் தராமலே செய்யும். முந்திக்கொண்டு போய் அடுத்த நாயின் பறவையைக் கிளப்பிவிடும் நாய்க்கு எவ்வளவு பெரிய வம்சாவளி இருந்தாலும் அன்று சாயங்காலம் அதன் எஜமானர் அதிகம் பேசமாட்டார்.

நண்பர் வட்டம் ஓர் இனத்தையே மீட்ட கதை அயர்லாந்தில் உண்டு. முழுச் சிவப்பு நாய்க்குக் கண்காட்சியில் மவுசு ஏற ஏற, அதைவிடப் பழைய சிவப்பு-வெள்ளைச் செட்டர் கண்ணில் படாமல் போயிற்று. முதல் உலகப்போருக்குப் பிறகு, கவுண்டி டவுனில் பாலினாஹிஞ்ச் ஊரின் பாதிரியார் நோபிள் ஹூஸ்டன் மிஞ்சியிருந்த ஒன்றிரண்டைத் தேடிச் சேர்த்து வளர்த்தார். 1944இல் அதற்கென்று ஒரு சங்கம் உண்டானது. அமெரிக்காவில் நடந்தது நேரெதிர். அழகுக்காகவே வளர்த்து வளர்த்து அங்கே சிவப்புச் செட்டரின் வேட்டைக் குணம் நீர்த்துப்போயிருந்தது. 1950களில் பென்சில்வேனியாவின் நெட் லெகிராண்டும் தோழர்களும் ஆங்கிலச் செட்டரின் இரத்தத்தைக் கலந்து அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கண்காட்சிக்காரர்கள் கொதித்தார்கள். 1975இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அந்தச் சிவப்பு நாய்களுக்குப் பதிவேட்டின் கதவைச் சாத்தியது. லாவராக்கும் லூவெலினும் உயிரோடு இருந்திருந்தால் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்திருப்பார்கள்.

பிரிட்டனில் ஆங்கிலச் செட்டர் ஒரு கட்டத்தில் அருகிவரும் உள்நாட்டு இனங்களின் பட்டியலிலேயே ஏறிவிட்டது. ஆண்டுக்கு 300 குட்டிகூடப் பதிவாகாத இனங்களுக்கான பட்டியல் அது. இத்தாலியிலும் பிரான்சிலும் நார்வேயிலும் நிலைமை தேவலை, வுட்காக்கும் மலைக்கோழியும் இருக்கும் இடத்தில் செட்டரும் இருக்கிறது. அமெரிக்க மலைக்காடுகளில் நாய்க்குப் பஞ்சமில்லை, பறவைக்குத்தான். பண்ணைகளில் முளைத்த இளங்காடு முதிர்ந்து பெருமரக் காடாகிவிட்டது. கிரௌஸுக்கு அது உதவாது. 1999இல் அமெரிக்காவுக்குள் வந்த வெஸ்ட் நைல் வைரஸ் மேலும் ஓர் அடி. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய கிரௌஸ் வேட்டைப் பருவத்தையே ஒரு கட்டத்தில் மூடிவிட்டார்கள். 1961இல் தொடங்கிய ரஃப்டு கிரௌஸ் சொசைட்டியில் சேர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் வேட்டைக்காரர்கள். அவர்கள் காட்டின் ஒரு பகுதியை வெட்டி இளங்காட்டை மீண்டும் முளைக்கவிடச் சொல்லிப் பேசுகிறார்கள். மரம் வெட்டச் சொல்லும் இயற்கை ஆர்வலர்களை நகரத்தார் சந்தேகத்தோடு பார்ப்பதில் ஆச்சரியமில்லை.

கவுண்ட் நோபிள் 1891இல் இறந்தது. அதன் உடலைப் பாடம் செய்து பல காலம் பிட்ஸ்பர்கின் கார்னகி அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள். இப்போது அது டென்னசியின் கிராண்ட் ஜங்ஷன் ஊரில், வேட்டை நாய்களுக்கென்றே அமைந்த தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஏம்ஸ் தோட்டம். தேசியச் சாம்பியன் போட்டி பிப்ரவரியில் நடப்பது அங்கேதான். இரண்டிரண்டு நாய்களாக அவிழ்த்துவிடுகிறார்கள், மூன்று மணி நேரம் ஓட வேண்டும், நடுவர்களும் பார்வையாளர்களும் குதிரையில் பின்தொடர்கிறார்கள். நாய் நின்றதும் எஜமானர் இறங்கிப் போய்ப் புதரைக் காலால் தட்டுகிறார். காடைக் கூட்டம் வெடித்துக் கிளம்புகிறது. அவர் கைத்துப்பாக்கியை வானத்தை நோக்கி ஒரு தடவை வெடிக்கிறார். அதில் குண்டு இல்லை. பறவைகள் பைன் மரங்களுக்குள் போய் மறைகின்றன. சத்தம் அடங்கும்வரை நாய் காலைக்கூட மாற்றவில்லையா என்று நடுவர் குதிரை மேலிருந்து குனிந்து பார்க்கிறார்.